உம்மா காட்டிய மகாவலி

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் சென்ற விடுமுறைக்குக் குடும்பத்தோடு வியட்நாம் போய் வந்தார். மீகோங் ஆற்றுப் படுகையில் கைட் ஒருவரோடு ஒரு நாள் சுற்றுலா. படகு, தென்னந்தோப்பு, தேங்காய் மிட்டாய் செய்யும் குடிசை என்று படங்களாகப் போட்டிருந்தார். என் மகள் அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "வாப்பா, நாங்களும் இப்பிடி ஆறு பார்க்கப் போவமா?" என்று கேட்டாள்.

ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் வியட்நாம் எங்கே! ஆனால் அவள் கேட்டது ஆறு. ஆறு எங்களுக்கும் இருக்கிறது. 335 கிலோமீற்றர் நீளம், இலங்கையிலேயே மிக நீளமானது. கலஹாவிலிருந்து இறங்கினால் பேராதனையிலேயே அதன் கரை வந்துவிடும். அந்த ஆற்றைப் பற்றி வருடாவருடம் பாடம் நடத்துகிறேன். என் பிள்ளைகளை ஒரு நாளும் அதன் வழியே கூட்டிப் போனதில்லை.

ஆகவே ஒரு போயா தினத்தில் புறப்பட்டோம். மனைவி, மகள், மகன், உம்மா, நான். வேன் ஓட்ட வந்தவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. வெளிநாட்டுக்காரரைக் கூட்டித் திரிகிறவர், ஆங்கிலத்தில் கதை சொல்லத் தெரிந்தவர். "சேர், இன்னைக்கு நான் டிரைவர் இல்ல, கைட். டூரிஸ்ட்டுக்கு சொல்ற மாதிரியே பிள்ளைகளுக்கும் சொல்றேன்" என்றார். சுபஹ் முடிந்த கையோடு இடியப்பப் பார்சலும் சம்பலுமாகக் கிளம்பிவிட்டோம். உம்மா முன் சீற்றில். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. கடைசியில் தெல்தெனியப் பக்கம் போவோம் என்று நானும் சொல்லவில்லை.

முதல் இடம் கம்பளை.

பாலத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினோம். இந்த ஊருக்குப் பழைய பெயர் கங்கசிரிபுர. ஆற்றின் பெயரையே தன் பெயரில் வைத்திருந்த தலைநகரம். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கள மன்னர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். அந்தக் காலத்தில்தான், 1344இல், இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பல்லக்கும் ஆட்களும் கொடுத்து, பாவா ஆதம் மலைக்கு அனுப்பி வைத்தார். வழியில் குனகார் என்ற அரச நகரத்தைக் கண்டதாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அது கம்பளை என்று சில ஆய்வாளர்களும், குருநாகல் என்று வேறு சிலரும் சொல்வார்கள்.

அந்த நகரத்துக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்ததாம். மன்னரும் ஊராரும் அவரை மதித்தார்களாம். அவருடைய வேலை என்ன தெரியுமா? மலைக்குப் போகிறவர்களுக்கு வழி காட்டுவது. அவரால் முடியாமற் போன பிறகு அவருடைய பிள்ளைகள் அந்த வேலையைச் செய்தார்கள் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார்.

இதைச் சொன்னதும் வேன் தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப எங்க தொழிலுக்கு அறுநூத்தி எண்பது வருஷ சரித்திரம் இருக்கு சேர்!"

கம்பளையிலிருந்து கெலிஓயா வழியாகப் பேராதனை. வழி நெடுக ஆறு கண்ணில் பட்டும் படாமலும் வந்தது. மகன் கேட்டான்: "வாப்பா, முந்தி ஆக்கள் இந்த ஆத்த எப்பிடிக் கடந்த?"

நல்ல கேள்வி. கண்டி மன்னர்களின் காலத்தில் மகாவலிக்குக் குறுக்கே நல்ல பாலம் எதுவும் கிடையாது. கட்டத் தெரியாமல் அல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் இதற்குக் காரணம் எழுதி வைத்திருக்கிறார். ஆறுகளின் வேகம் ஒன்று. தன் நாட்டுக்குள் பயணம் இலகுவாவதை அரசன் விரும்பவில்லை என்பது மற்றொன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்று கரையோரத்தைப் பிடித்தவர்கள் மேலே வராமல் இருக்க, கண்டிக்கு இந்த ஆறு ஓர் அகழி. மலைக்கு உப்பு வர வேண்டும், மலையிலிருந்து பாக்குப் போக வேண்டும். அதைப் பொதிமாடுகள் சுமந்தன. 'தவளம்' என்று சொல்வார்கள். அரசனின் பொதிமாட்டுப் பகுதிக்கு 'மடிகே' என்று பெயர். அதில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் எங்கள் முன்னோர், கண்டி முஸ்லிம்கள். மாட்டோடு மாடாக ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட எந்தப் பலகையிலும் இல்லை.

1815இல் கண்டி விழுந்தது. அகழியாக இருந்த ஆறு இப்போது வெள்ளைக்காரருக்குத் தடையாகிவிட்டது. தேசாதிபதி பார்ன்ஸ் 1820களில் கொழும்பு–கண்டி வீதியைப் போட்டார். 1833இல் பேராதனையில் முதிரை மரத்தால் பாலம் வந்தது. 205 அடி நீளம், ஒரே வளைவு, நடுவில் தூண் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாரும் வியந்து எழுதிய பாலம் அது. 1905இல்தான் கழற்றினார்கள்.

பாலமும் வீதியும் எதற்கு? முதலில் படைக்கு. பிறகு கோப்பிக்கு. கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1873இல் அது கம்பளை வரை நீண்டது.

அந்த வீதியை வெட்டியது யார் என்று மகளிடம் கேட்டேன். "பார்ன்ஸ்" என்றாள் உடனே. சோதனைத்தாளில் அதற்குப் புள்ளி கிடைக்கும். உண்மையில் வெட்டியவர்கள் கிராமத்துச் சனங்கள். இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறையில், கூலி இல்லாமல், காட்டையும் கல்லையும் வெட்டினார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவுக்குப் பிறகு 1832இல்தான் அந்த முறை ஒழிந்தது. கடுகண்ணாவையில் வீதியமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்கு ஒரு கோபுரம் இருக்கிறது. கல் உடைத்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

நண்பர் போன மீகோங் படுகையிலும் இதே கதைதான். அங்கே வின் தே என்றொரு கால்வாய் இருக்கிறது. 1819க்கும் 1824க்கும் இடையில், அதாவது எங்கள் கண்டி வீதி வெட்டப்பட்ட அதே காலத்தில், அந்த நாட்டு அரசன் பல்லாயிரம் வியட்நாமியரையும் கெமர் மக்களையும் பிடித்து வந்து வெட்டுவித்தான். வெட்டியவர்களில் மாண்டவர்கள் ஏராளம். கால்வாய்க்குப் பெயர் மட்டும், வேலையை மேற்பார்வை செய்த அதிகாரியின் மனைவியுடையது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பேராதனைப் பூங்காவுக்குள் போனோம். மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓட, நடுவில் 147 ஏக்கர். 1821இல் தொடங்கிய தோட்டம். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபு தன் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு வௌவால் மரமும் பெரிய மூங்கிலும் போதும். தம்பி தேயிலைக் கதையை எடுத்தார். 1839இல் அசாம் தேயிலை விதைகள் இந்தப் பூங்காவுக்குத்தான் முதலில் வந்தன. ஆனால் தோட்டமாக எழுந்தது எங்கள் பக்கம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, கொஞ்சக் காலத்தில் மலையெல்லாம் தேயிலையாகிவிட்டது.

தம்பி இதை மிக அழகாகச் சொன்னார். பல முறை சொல்லிப் பழகிய கதை. சொல்லி முடித்துவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு, "சேர், வெள்ளைக்காரங்களுக்கு ஜேம்ஸ் டெய்லரோட நிப்பாட்டிருவேன். எங்க பாட்டனோட பாட்டன் மன்னார்ல எறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே வந்தாராம். கூட வந்தவங்க பாதிப்பேரு வழியிலயே காலராவுல செத்துட்டாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும். அத யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல" என்றார்.

"எங்களுக்குச் செல்லுங்களே மகன்" என்றார் உம்மா.

மூங்கில் நிழலில் பாயைப் போட்டு, இடியப்பப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தக் கதையைக் கேட்டோம். மகள் குறிப்புக் கொப்பியை எடுத்துவிட்டாள். 1948இல் அந்தச் சனங்களின் பிரஜாவுரிமை பறிபோனதை நான் வகுப்பில் ஐந்து நிமிடத்தில் முடிப்பேன். தம்பி தன் தாத்தாவின் பழைய கடதாசிகளைப் பற்றிச் சொல்ல அரை மணித்தியாலம் எடுத்தார். என் பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள்.

பகல் ளுஹரை கண்டியில் முடித்துக்கொண்டு பொல்கொல்லைக்குப் போனோம். 1976இல் கட்டிய தடுப்பணை. மகாவலியின் ஒரு பங்கு நீரை இங்கே மறித்து, மலைக்குள் சுமார் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவலை மின்நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மின்சாரம் எடுத்த நீர் சுதுகங்கையில் விழுந்து, அம்பன் கங்கை வழியாக வடமத்திய வயல்களுக்குப் போகிறது. கிழக்கே திருகோணமலைக் கடலுக்குப் போக வேண்டிய ஆற்றை வடக்கே திருப்பிய இடம் இதுதான். "தண்ணிக்கும் டிரான்ஸ்பர் குடுக்கிறாங்களா வாப்பா?" என்றான் மகன். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இடமாற்றம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும்!

மகாவலித் திட்டம் முதலில் முப்பது வருடத் திட்டம். 1977இல் வந்த ஜே.ஆர். அரசாங்கம் அதன் முக்கிய வேலைகளை ஆறு வருடத்தில் முடிக்கப் புறப்பட்டது. துரித மகாவலி என்பது அதுதான். ஒவ்வொரு அணைக்கும் ஒரு நாடு உதவிக்கு வந்தது. கொத்மலைக்கு சுவீடன், விக்டோரியாவுக்கு பிரித்தானியா, ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்கு கனடா. முப்பது வருட வேலையை ஆறு வருடத்தில் செய்வதென்றால், அணை மட்டுமா விரைவாக எழும்ப வேண்டும்? வீட்டை விட்டு எழும்புகிறவர்களும் விரைவாகத்தான் எழும்ப வேண்டும்.

திகனயைக் கடக்கும்போது வேனுக்குள் பேச்சுக் குறைந்தது. 2018 மார்ச்சில் இந்தப் பக்கம் எரிந்த கடைகளும் வீடுகளும் பெரியவர்களுக்கு நினைவிருக்கிறது. மகள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்பாள். அன்றைக்கு நான் பாடப்புத்தகத்தைத் தேடப் போவதில்லை.

விக்டோரியா அணையைப் பார்க்கிற மேட்டில் நின்றோம். 122 மீற்றர் உயரம், இலங்கையிலேயே உயர்ந்த அணை. 210 மெகாவோட் மின்சாரம். 1985 ஏப்ரல் 12இல் ஜனாதிபதி ஜயவர்தன திறந்து வைத்தார். பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சரும் வந்திருந்தார். பெயர் ஓர் இங்கிலாந்து மகாராணியுடையது. வில் போல வளைந்த அந்தச் சுவரைப் பார்த்தால் யாருக்கும் பிரமிப்பு வரும். எனக்கும் வந்தது. பிள்ளைகள் படம் எடுத்தார்கள்.

தம்பி தன் வழக்கமான கதையைத் தொடங்கினார். "இந்தத் தண்ணிக்கு அடியில ஒரு டவுனே இருக்கு. பழைய தெல்தெனிய. கடுமையான வரட்சி வந்தா இடிஞ்ச சுவரெல்லாம் மேல தெரியும்…"

"அது இங்க இல்ல மகன், அங்கால" என்றார் உம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கதைப்பதற்காகச் சொன்ன குரல் அல்ல அது. பிழையைத் திருத்துகிற குரல்.

என் உம்மா பிறந்தது பழைய தெல்தெனியவில். எனக்கு இது தெரியும். ஆனால் 'தெரியும்' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, நானும் கேட்டதில்லை. சரித்திரம் படிப்பிக்கிற மகன்!

வேனைத் திருப்பி மகியங்கனை வீதிக்கு வந்து, நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஓரிடத்தில் நிறுத்தினோம். தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஒரு சுவர்கூடத் தெரியவில்லை. உம்மா இறங்கி, முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சொல்லத் தொடங்கினார்.

"ஹுலு கங்க அங்கேருந்து வந்து விழுற. ரோட்டு இப்பிடிப் போற. பஸ் நிக்கிற எடத்துக்கு முன்னுக்கு எங்கட வாப்பாட கட. பலசரக்குக் கட. கூலிக் கட, எங்கட சொந்தமில்ல. பக்கத்தில தையல் மெஷின் வச்சிக்கொண்டு ஒரு சிங்கள நோனா. அவங்கட மகளும் நானும் ஒண்டாத்தான் ஆத்துக்குக் குளிக்கப் போற. பொறகு அவங்களுக்குப் புதுக் குடியேத்தத்தில காணி கெடச்சி. போறன்டு செல்ல வந்து, கடப்படியில இருந்து அழுத. பொறகு கண்டதில்ல."

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு மகாவலிக் குடியேற்றங்களில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக்காணியும் கொடுக்கப்பட்டன. இதைப் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டரை ஏக்கரை நோக்கி லொறி ஏறிப் போன ஒரு சிநேகிதி என் உம்மாவுக்கு இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூலிக்குக் கடை வைத்திருந்த என் மூத்தவாப்பா, உறவுக்காரர் ஒருவரை நம்பிக் கலஹாவுக்கு வந்து மறுபடி தராசைக் கையில் எடுத்தார். அதனால்தான் நான் கலஹாக்காரன்.

"கோபம் வாறதில்லையா உம்மா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "கரண்டு வேணுந்தானே மகன். நாட்டுக்கு நெல்லும் வேணும். வேணாமுன்டு நான் செல்ல மாட்டன். ஆனா ஒருத்தரும் வந்து, 'நீங்க என்னத்த விட்டுட்டு வந்த?' என்டு கேட்டதில்ல."

இதைத்தான் உறவுகளே, உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைத்தேன்.

மகாவலியை அரசர்கள் அகழியாக்கினார்கள். வெள்ளைக்காரர் அதன் மேல் பாலம் போட்டார்கள். சுதந்திர இலங்கை அதை மறித்து மின்சாரமும் நெல்லும் எடுத்தது. மூன்றுமே நடந்திருக்க வேண்டியவைதானா என்று வாதாடலாம். அணைகள் இல்லாமல் இன்றைய இலங்கையை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் மூன்று காலத்திலும் பலகையில் பெயர் ஏறியது கட்டச் சொன்னவருக்கும் திறந்து வைத்தவருக்கும். மாட்டோடு நடந்தவர், கல் உடைத்தவர், மன்னாரிலிருந்து நடந்தவர், கடையைப் பூட்டிச் சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர், இவர்களின் கதை வீடுகளில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் வயதானவர்களிடம். நாங்கள் கேட்காவிட்டால் அவர்களோடேயே போய்விடும். வரட்சிக்கு வெளியே வருவது சுவர்கள் மட்டும்தான். கடை யாருடையது என்று சுவர் சொல்லாது.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. பேராதனை கலஹாச் சந்தியில் திரும்பி, பல்கலைக்கழகத்துக்கு நடுவே, ஹிந்தகலை தாண்டி ஏறினோம். பிள்ளைகள் நித்திரை என்று நினைத்தேன். மகள் விழித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு உம்மாவிடம் போனாள். "வாப்பும்மா, அந்த ரோட்டக் கீறித் தாங்க."

உம்மா பென்சிலைப் பிடித்து நெடுநாள். கோடு நடுங்கியது. ஆறு, வீதி, பஸ் நிற்கிற இடம், கடை, தையற்காரியின் வீடு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெயரைச் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். பதினேழு கட்டங்கள் வந்தன. பதினெட்டாவது கட்டத்தைக் கீறிவிட்டு, "இது யாருட கடையென்டு மறந்து பெய்த்து" என்று உம்மா நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பழைய தெல்தெனியவில் பஸ் நின்ற இடத்துக்கு எதிரே, மூலையிலிருந்து மூன்றாவது கடை. உங்கள் வாப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு நோனாவோ அந்த ஊர்க்காரராக இருந்தால், தயவுசெய்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பெயர் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். உம்மாவிடம் சொல்ல வேண்டும்.